மின்விசிறியும் காஜா பாயின் மன்னிப்பும்

மக்காவுக்கு உம்ரா யாத்திரை கிளம்புகிறவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சும்மா கிளம்பிவிட முடியாது. சொந்தக்காரர், பக்கத்துக் கடைக்காரர், எதிர்க்கடை போட்டவர் என்று எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து, "ஏதாச்சும் தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிருங்க" என்று கேட்டுவிட வேண்டும். கேட்கப்பட்டவர் "மன்னிச்சுட்டேன், எங்களுக்கும் துவா பண்ணுங்க" என்று தனக்கும் சேர்த்துப் பிரார்த்திக்கச் சொல்ல வேண்டும். என்ன தப்பு என்று அவரும் கேட்பதில்லை, இவரும் சொல்வதில்லை. அந்த வழக்கத்தின் அழகே அதுதான்.

கள்ளக்குறிச்சியில் பாத்திரக்கடை வைத்திருந்த காஜா மொய்தீன், மனைவி மஹ்ஜபீனுக்கும் தனக்கும் உம்ராவுக்குப் பணம் கட்டியதும் இந்த வேலையைத்தான் முதலில் தொடங்கினார். அவர் சுபாவத்துக்கு இது கஷ்டமே இல்லை. பஸ்ஸில் யாராவது அவர் காலை மிதித்தால்கூட, கால் அங்கே இருந்ததற்காக அவர்தான் மன்னிப்புக் கேட்பார். வாரம் ஒருமுறை மொபெட்டில் குடமும் குண்டானும் கட்டிக்கொண்டு கல்வராயன் மலையேறி விற்று வருகிறவர், அந்த மே மாதம் பாத்திரம் ஏதும் இல்லாமல் மன்னிப்புக் கேட்பதற்கென்றே மலையேறினார். கரியாலூரில் புளி விற்கும் பச்சையம்மாளிடம் கேட்டார். டீக்கடையில் கேட்டார். பஞ்சர் ஒட்டுகிறவரிடம் கேட்டார். வழியில் மேல்நெல்லிப்பட்டு கிராம நிர்வாக அலுவலகம் திறந்திருந்தது. உள்ளே வி.ஏ.ஓ. தெய்வசிகாமணி உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒருதடவை ஒரு தாம்பாளம் விற்ற ஞாபகம் காஜா பாய்க்கு வந்தது. உள்ளே போனார்.

அன்று தெய்வசிகாமணியின் மனது சரியில்லை. முந்தைய நாள்தான் அலுவலகத்து மின்விசிறி திருட்டுப் போயிருந்தது. அந்த உயரத்தில் மின்விசிறிக்கு வேலையே கிடையாது. மார்கழியில் அவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் அதன் கீழே உட்கார்ந்திருப்பார். ஆனாலும் அது அரசாங்கம் கொடுத்த விசிறி. சுற்றியே தீரவேண்டும். காணாமல் போனால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

காஜா பாய் கைகூப்பினார். "அய்யா, உம்ராவுக்குப் போறேங்க. தெரிஞ்சோ தெரியாமலோ உங்களுக்கு ஏதாச்சும் தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிருங்க" என்று சொல்லி, அல்லாவை நினைத்து மேலே பார்த்தார்.

தெய்வசிகாமணியும் மேலே பார்த்தார். அங்கே கொக்கி மட்டும் இருந்தது.

"உக்காருங்க பாய்" என்றார் மிக மரியாதையாக. "டீ சாப்புடுறீங்களா?"

டீ வருவதற்குள் ஒப்புதல் வாக்குமூலம் தயாராகிவிட்டது. "வந்துட்டுப் போனதுக்கு ஒரு கையெழுத்துப் போடுங்க பாய்" என்றதும், இவ்வளவு பெரிய அதிகாரி கேட்கிறாரே என்று காஜா பாய் இரண்டு இடத்தில் போட்டார்.

மறுநாள் போலீஸ் வந்து, காஜா பாயின் கடையில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றிக் கைப்பற்றியது. காணாமல் போனதற்கும் மூன்று இறக்கை, இதற்கும் மூன்று இறக்கை. விமானத்துக்கு நாலு நாள் இருந்தது. பாஸ்போர்ட்டையும் கைப்பற்றினார்கள். உம்ரா கூட்டம் காஜா பாயும் மஹ்ஜபீனும் இல்லாமலே போய்விட்டு வந்து, பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் கொடுத்துவிட்டு, "உங்களுக்குந்தான் துவா பண்ணோம்" என்று சொல்லிவிட்டுப் போனது.

கீழ்க்கோர்ட்டு அவருக்கு இரண்டு வருஷம் கொடுத்தது. தீர்ப்பில் மாஜிஸ்ட்ரேட் இப்படி எழுதியிருந்தார்: "அரசு அலுவலகத்துக்குள் வந்து ஒருவர் தாமாக மன்னிப்புக் கேட்டதாக இந்த நீதிமன்றம் தன் அனுபவத்தில் இதற்குமுன் கேள்விப்பட்டதில்லை. அலுவலர்களும் கேட்டதில்லை, பொதுமக்களும் கேட்டதில்லை. எனவே எதிரியின் நடத்தை இயற்கைக்கு மாறானது என்றும், அது குற்ற உணர்ச்சியிலிருந்தே பிறந்திருக்க வேண்டும் என்றும் இந்த நீதிமன்றம் முடிவு செய்கிறது."

கோர்ட்டு பாஷையில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். அது தெரியாத காஜா பாய், நான் யாருக்கும் எதிரியில்லையே என்று கூண்டிலேயே அழுதார்.

அப்பீல் முடியும்வரை ஜாமீன் கிடைத்தது. வக்கீல் செந்தமிழ்ச்செல்வி தெளிவாகச் சொன்னாள். "ஒரே ஒரு பாயிண்டுதான் பாய். அந்த வாக்குமூலத்த சாட்சியமா ஏத்துக்கினதே தப்பு. அத எடுத்துட்டா கேஸுல ஒண்ணுமே கெடையாது."

"எடுக்கலைன்னாம்மா?"

"கடலூர்" என்றாள், பஸ் கண்டக்டர் சொல்வதுபோல.

மத்திய சிறை அங்கேதான் இருந்தது. அன்றிலிருந்து கடலூர் என்று பலகை போட்ட பஸ்ஸைப் பார்த்தாலே காஜா பாய் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். யாராவது கதவைத் தட்டினால் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கடையில் வாடிக்கைக்காரர்கள் மேலே பார்த்தால் இவருக்கு வேர்த்தது. மேலே மின்விசிறியும் இல்லை.

மஹ்ஜபீன் ஒரு துணிப்பை தைத்தாள். அதில் இரண்டு லுங்கி, சீப்பு, தைலப் புட்டி, தொப்பி எல்லாம் எடுத்து வைத்தாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அதைத் தூக்கிக்கொண்டுதான் கூட வருவாள். தீர்ப்பு வந்த நிமிஷமே கூட்டிக்கொண்டு போய்விடுவார்களாம், வீட்டுக்குப் போய் எடுத்துவர விடமாட்டார்களாம்.

"இன்னாத்துக்கு அத தூக்கிக்கினு வர்ற? பாத்தாலே பக்குன்னுது" என்பார் காஜா பாய்.

"வேற லுங்கி இல்லாம அங்க இன்னா பண்ணுவீங்க? யார்கிட்ட கேப்பீங்க? கேக்கச்சொல்லோ மன்னிப்பும் சேத்துக் கேப்பீங்க. அதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் குடுப்பான்."

அவர் சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்தது. அவள் பையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

அப்பீல் கோர்ட்டில் டவாலி வாசலில் நின்று, "காஜா மொய்தீன்... காஜா மொய்தீன்... காஜா மொய்தீன்" என்று மூன்று முறை கத்துவார். சாவு வீட்டில் மையத்து எடுக்கக்கூட யாரும் அப்படிக் கூப்பிட்டு அவர் கேட்டதில்லை. முதல் நாள் அவசரத்தில் படியில் தடுக்கி டவாலி மேலேயே விழுந்து, "மன்னிச்சிருங்கய்யா" என்றார். அரசு வக்கீல் இளவரசன் உடனே பேனாவைத் திறந்து அதைக் குறித்துக்கொண்டார்.

"கனம் கோர்ட்டார் அவர்கள் கவனிக்க வேண்டும்" என்று தொடங்கினார் இளவரசன். "எதிரி இந்த வளாகத்திலேயே ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறார்."

"எதை ஒப்புக்கொண்டார்?" என்று நீதிபதி கேட்டார்.

"அதை விசாரணையில் கண்டுபிடிக்க வேண்டும் அய்யா."

நீதிபதி யோசித்துத் தலையை ஆட்டினார். காஜா பாய் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கடைசி வரிசையில் அவள் உதட்டின் மேல் விரலை வைத்து, பேசாதே என்று சைகை காட்டினாள்.

தெய்வசிகாமணியை மறுபடி கூண்டில் ஏற்ற செந்தமிழ்ச்செல்வி அனுமதி வாங்கினாள்.

"மின்விசிறின்ற வார்த்தைய இவர் சொன்னாரா?"

"சொல்லல. ஆனா மேல பாத்தாருங்க."

"வாக்குமூலத்துல, 'மேற்படி மின்விசிறியை மேற்படி நான் மேற்படி கொக்கியிலிருந்து களவாடினேன்'னு இருக்குதே?"

"அவரு சாதாரணமா பேசினாருங்க. நான் அரசு நடைக்கு மாத்தினேன்."

"அவர் சொன்னது மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்தை. நீங்க எழுதினது ரெண்டு பக்கம்."

"அரசு நடைன்னா அப்படித்தான் மேடம்" என்றார் தெய்வசிகாமணி பெருமையாக. "வெறுங்கையோட ஒரு மனுஷன் வந்து நிக்கிறாரு. பட்டா கேக்கல, சர்டிபிகேட் கேக்கல. சர்வீஸ்ல ஒருத்தர்கூட என்கிட்ட அப்படி ஒண்ணுமே கேக்காம வந்து நின்னதில்ல. குத்தவாளியா இல்லாம எதுக்குங்க வி.ஏ.ஓ. ஆபீஸுக்கு வரணும்?"

நீதிபதி இதையும் எழுதச் சொன்னார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த சுருக்கெழுத்தர், நீதிபதி தும்மினாலும் எழுதுகிறவர், எழுதினார்.

இதை உடைக்கச் செந்தமிழ்ச்செல்வி ஒரு நல்ல யோசனை செய்தாள். மன்னிப்புக் கேட்பது வழக்கம்தான் என்பதற்குச் சாட்சி கொண்டுவந்தால் போயிற்று. காஜா பாய் யார் யாரிடம் கேட்டாரோ அவர்களையே கூப்பிட்டாள். வழக்கில் அவள் செய்த ஒரே தப்பு அதுதான்.

முதலில் கரியாலூர் பச்சையம்மாள் கூண்டேறினாள். "ஆமாங்க, எங்கிட்டயும் வந்து கேட்டாரு. நானும் சரி சாமின்னேன். நல்ல மனுசரு. எடையில ஏமாத்த மாட்டாரு."

செந்தமிழ்ச்செல்வி திருப்தியாக உட்கார்ந்தாள். இளவரசன் எழுந்தார்.

"ஏம்மா, அந்த வருஷம் உங்க வூட்டுல ஏதாவது காணாமப் போச்சா?"

பச்சையம்மாள் யோசித்தாள். கோர்ட்டில் பொய் சொல்லக்கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். "ஒரு கோழி போச்சுங்க."

"கோழி, கனம் கோர்ட்டார் அவர்களே" என்றார் இளவரசன், அடிக்குரலில்.

"அய்யோ சாமி, அத மரநாய் தூக்கிக்கினு போச்சு!" என்று அவள் கத்தினாள்.

"மரநாய் மன்னிப்புக் கேட்டதா?"

கேட்கவில்லை என்று அவள் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அடுத்தது எலவனாசூர்கோட்டை விவசாயி ராமசாமி. பெண் கல்யாணத்துக்குக் காஜா பாயிடம் அண்டா வாங்கியவர். அவர் கிணற்றில் மோட்டார் ஒயர் போயிருந்தது. காஜா பாய் தொழுகிற பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் அப்துல்லா கடைசியாக வந்தார். பள்ளிவாசலில் காணாமல் போகும் பொருள் என்ன என்று கேட்டதற்கு அவர் செருப்பு என்றார். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, பள்ளிவாசல் கட்டின நாளிலிருந்து என்றார்.

இளவரசனின் வாதம் அன்று உச்சத்துக்குப் போனது. "கனம் கோர்ட்டார் அவர்களே! ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டால் அது ஒரு குற்றம். இந்த எதிரி மாவட்டம் முழுவதும் கேட்டிருக்கிறார். மலையிலும் கேட்டிருக்கிறார், சமவெளியிலும் கேட்டிருக்கிறார். வழக்கம் என்கிறார்கள். அதைத்தான் நாங்களும் சொல்கிறோம். இவர் வழக்கமான குற்றவாளி!"

அந்தச் செய்தி ஸ்டேஷன்களுக்குப் பரவியது. அடுத்த வாய்தாவுக்குக் கோர்ட்டு வராந்தாவில் காக்கிச்சட்டைகள் வரிசையாக நின்றன. ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ஏட்டுகளாம். ஆடு, பம்புசெட்டு, பால் கேன், ஒரு சைக்கிளின் பின்சக்கரம் என்று துப்புத் துலங்காமல் கிடந்த வழக்குகளை எல்லாம் கட்டாகக் கட்டிக் கையில் வைத்திருந்தார்கள். ஒரு ஏட்டு அன்பாக அருகே வந்து கேட்டார்.

"பாய், எங்க லிமிட்டுல சங்கராபுரம் ரோட்டுல நீங்க யார்கிட்டயாச்சும் கேட்டீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒருத்தர் போதும்."

காஜா பாய்க்குச் சங்கராபுரம் ரோட்டில் மாமியார் வீடு. அங்கே பதினைந்து பேரிடம் கேட்டிருந்தார். இதையெல்லாம் கூட்டினால் கடலூரிலிருந்து தன் மையத்துதான் திரும்பும் என்று கணக்குப் போட்டுவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மஹ்ஜபீன் பக்கத்தில் உட்கார்ந்து துப்பட்டாவுக்குள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுகையால் பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். முப்பது வருஷத்தில் அவள் பயந்து அவர் பார்த்ததில்லை. அதில்தான் அவருக்கு உண்மையான பயமே வந்தது.

"ஜபீன், நான் திரும்பி வர்றதுக்குள்ள..."

"வாய மூடுங்க. அப்பிடி ஒண்ணும் ஆவாது" என்றாள். அவள் குரல் அதை நம்பவில்லை.

தீர்ப்பு நாள் வந்தது. அதே நாளில் நீதிபதிக்கு மாற்றல் உத்தரவும் வந்தது. மதியம் பிரிவு உபசார விழா, மூன்று மணிக்குத் தீர்ப்பு என்றார்கள். நீதிபதி தடித்த ஒரு தீர்ப்பை எழுதி முடித்து மேசைமேல் வைத்திருப்பதாக டவாலி சொன்னார். "தடியா இருந்தா தண்டன உறுதிதான் பாய். விடுதலைன்னா இவ்ளோ எழுத மாட்டாங்க" என்று அனுபவத்தையும் சேர்த்துச் சொன்னார். அழைத்துப் போக வேண்டிய போலீஸ் வண்டியும் வேப்பமரத்தடியில் வந்து நின்றது.

விழா கோர்ட்டு ஹாலிலேயே நடந்தது. எங்கும் போகக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்ததால், காஜா பாயும் மஹ்ஜபீனும் கடைசி பெஞ்சில் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் ஒரு பூந்தி, மிக்சர் பொட்டலம் வந்தது. வாங்கினால் அது எதற்காவது சாட்சியமாகிவிடுமோ என்று காஜா பாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மஹ்ஜபீன் வாங்கிப் பைக்குள் போட்டாள். கடலூரில் பசிக்கும்.

இளவரசன் பாராட்டிப் பேசினார். "வாய்தா கொடுப்பதில் அய்யா அவர்கள் ஏழை, பணக்காரன் என்று பார்த்ததே இல்லை. எல்லோருக்கும் கொடுத்தார். அய்யாவின் காலத்தில் தொடங்கிய எந்த வழக்கும் அவசரப்பட்டு முடிந்ததில்லை." பலத்த கைதட்டல். சால்வைகள். வீடியோக்காரர் ஸ்டூல்மேல் ஏறி எல்லாவற்றையும் எடுத்தார்.

பிறகு நீதிபதி எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்கே பணியாற்றிய காலத்தில், தெரிந்தோ தெரியாமலோ நான் ஏதாவது தவறு செய்திருந்தால், யாருக்காவது கஷ்டம் கொடுத்திருந்தால், நீங்கள் எல்லோரும் என்னை மன்னிக்க வேண்டும்" என்று கைகூப்பினார்.

கைதட்டல் எழுவதற்கு முன்பு ஒரு கணம் அமைதி இருந்தது. அந்த அமைதியில் மஹ்ஜபீன் எழுந்தாள். யோசித்து எழுந்தவள் அல்ல. யாராவது மன்னிப்புக் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கக்கூடாது என்று வளர்ந்தவள்.

"மன்னிச்சுட்டோம்ங்க அய்யா" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். வீடியோக்காரர் கேமராவை அவள் பக்கம் திருப்பினார். பிறகு மெதுவாக நீதிபதி பக்கம் திருப்பினார். காஜா பாய் பெஞ்சுக்கு அடியில் போய்விட முடியுமா என்று பார்த்தார்.

"என்னம்மா சொன்னீங்க?" என்றார் நீதிபதி.

"மன்னிச்சுட்டோம்னேங்க."

"எதற்காக?"

மஹ்ஜபீன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அது எனக்கெப்பிடிங்க தெரியும்? நீங்கதானே கேட்டீங்க."

ஹாலில் யாரும் மிக்சர் மெல்லவில்லை. வராந்தாவில் நின்ற ஏட்டுகள் கட்டுகளோடு வாசலில் எட்டிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் பழக்கதோஷத்தில் பேனாவையும் திறந்துவிட்டார். நீதிபதியின் பார்வை அவர்மேல் போயிற்று. வீடியோக்காரர்மேல் போயிற்று. கடைசியாக ஓரத்துச் சுருக்கெழுத்தர்மேல் போயிற்று.

"இதையெல்லாம் எழுதினீங்களா?"

"அய்யா பேசினா எழுதணும்னுதானுங்களே உத்தரவு."

"எவ்வளவு எழுதினீங்க?"

"தானாக முன்வந்து, யாருடைய வற்புறுத்தலும் இன்றின்னு சேத்து, மன்னிக்க வேண்டும்வரைக்கும் எழுதிட்டேன் அய்யா."

நீதிபதிக்கு வேர்த்தது. மேலே பார்த்தார். பார்த்ததும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். அரசு வக்கீல் இளவரசனும், போன மாதம் தன் மாமனார் தமது பணி ஓய்வு விழாவில் இதேபோல் மன்னிப்புக் கேட்டதை நினைத்தோ என்னவோ, வாயில் போட்ட பூந்தியை விழுங்காமல் நின்றார்.

மூன்று மணிக்குக் கோர்ட்டு கூடியது. டவாலி மூன்று முறை கூப்பிட்டார். காஜா பாய் கூண்டுக்குப் போகும்போது மஹ்ஜபீன் அவர் தோளில் பையை மாட்டிவிட்டாள். சட்டைக் காலரைச் சரிசெய்தாள். கூண்டின் கம்பி ஜில்லென்று இருந்தது. ஜன்னல் வழியாக வண்டியின் பின்கதவைத் திறந்து வைப்பது தெரிந்தது.

நீதிபதி கையில் தடித்த தீர்ப்பு இல்லை. ஒன்றரைப் பக்கம்தான் இருந்தது. மை காயாமல் மின்னியது.

"மன்னிப்புக் கேட்பது இந்த மண்ணின் பண்பாடு" என்று வாசித்தார். "வெளியூர்ப் பயணம், பணி மாறுதல், பணி ஓய்வு, குறிப்பாகப் பணி மாறுதல் ஆகிய சமயங்களில் கேட்கப்படும் மன்னிப்பு, குற்ற ஒப்புதல் ஆகாது. அதை வி.ஏ.ஓ. எழுதினாலும் ஆகாது, சுருக்கெழுத்தர் எழுதினாலும் ஆகாது. வீடியோவாக இருந்தால் அறவே ஆகாது. எதிரி மேலே பார்த்தார் என்பதும் சாட்சியம் அல்ல. யார் வேண்டுமானாலும் மேலே பார்க்கலாம். மேற்படி வாக்குமூலத்தைக் கீழ்க்கோர்ட்டு சாட்சியமாக ஏற்றது தவறு. தண்டனை ரத்து செய்யப்படுகிறது. எதிரி விடுதலை செய்யப்படுகிறார். இந்தத் தீர்ப்பின் நகலை மாவட்டத்திலுள்ள எல்லா ஸ்டேஷன்களுக்கும் இன்றே, நான் கிளம்புவதற்குள், அனுப்ப வேண்டும்."

காஜா பாய்க்குப் புரியவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். வண்டிக்காரர் பின்கதவைச் சாத்தினார். அந்தச் சத்தத்துக்கும் அவர் திடுக்கிட்டார். செந்தமிழ்ச்செல்வி வந்து, "எறங்குங்க பாய், முடிஞ்சிச்சு" என்று கையைப் பிடித்து இறக்கினாள். மஹ்ஜபீன் பெஞ்சில் உட்கார்ந்தபடி முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

வெளியே வராந்தாவில் ஏட்டுகள் கட்டுகளைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அன்பாகப் பேசிய அந்த ஏட்டு காஜா பாயை வழிமறித்தார். நம்பிய ஆள் கைவிட்டதுபோல அவர் முகம் தொங்கியிருந்தது.

"இன்னா பாய் இப்பிடிப் பண்ணிட்டீங்க! ஆடு, பால் கேன், பம்புசெட்டு எல்லாத்தையும் கண்டுபிடிச்சாச்சுன்னு மேல எழுதிப் போட்டுட்டோம். இப்ப திரும்ப நாங்கதான் தேடணும். எங்க வயித்துல அடிச்சிட்டீங்களே."

அவர் கண்ணில் நிஜமாகவே நீர் இருந்தது. காஜா பாயின் மனது உருகிவிட்டது. இந்த மனிதருக்குத் தன்னால் எவ்வளவு சிரமம். கைகள் தாமாகக் குவிந்தன. தலை தாமாகச் சாய்ந்தது.

"அய்யா, என்ன மன்னி..."

பின்னாலிருந்து ஒரு கை வந்து அவர் வாயைப் பொத்தியது. கண்ணீர் ஈரம் காயாத கை. மஹ்ஜபீன் அவரை அப்படியே இழுத்துக்கொண்டு படியிறங்கி, வேப்பமரத்தையும் போலீஸ் வண்டியையும் தாண்டி, ரோட்டுக்கு வந்தாள். பஸ் ஸ்டாண்டுவரை எதிரே வந்தவர்கள் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையை எடுக்கவில்லை.